மழை மாதத்தில் கீரைப் பாத்தி: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் 2 சென்ட் இடத்தில் அரைக்கீரை, சிறுகீரை போட்டுத் தெருவிலேயே விற்கிறேன். ஐப்பசியில் இரண்டு முறை விதைத்தேன். முளைத்த நான்காம் நாளே தண்டு கருத்துச் சாய்ந்துவிட்டது. கடைக்காரர் ஒரு பூச்சி மருந்து கொடுத்திருக்கிறார். அடிக்கலாமா?
- வாசகி, பட்டாபிராம்

பதில்: வேண்டாம் அம்மா, அந்த டப்பாவைத் திறக்கவே வேண்டாம். உங்கள் கீரைக்கு வந்திருப்பது நாற்றழுகல். மண்ணில் வாழும் பித்தியம் என்ற பூஞ்சையால் வருவது. பூச்சி மருந்துக்கு இது கட்டுப்படாது. சிறுகீரையை 25 நாளில் பிடுங்கிவிடுவோம். அதற்குள் நஞ்சு முழுதாக இறங்கிவிடும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. வாங்கிச் சமைப்பவர்கள் உங்கள் தெருக்காரர்கள். டப்பாவின் லேபிளில் ஒரு சாய்சதுரம் இருக்கும். அதன் கீழ்ப்பாதி சிவப்பாக இருந்தால் அது கடும் நஞ்சு, வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம்.

நம் பக்கம் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. ஆவடி, பட்டாபிராம் மனைகள் பலவும் ஒரு காலத்தில் நெல் வயல்கள். களிமண், தண்ணீர் சீக்கிரம் இறங்காது. நெல்லுக்கு அது வரம். கடுகைவிடச் சிறிய கீரை விதைக்கு அதுவே எமன். குளிரால் நம் ஊரில் செடி சாவதில்லை. வேருக்குக் காற்று கிடைக்காமல்தான் சாகிறது.

அதனால் மூன்றாவது முறையும் அதே தரையில் விதைக்காதீர்கள். மண்ணை அணைத்து ஓர் அடி உயரம், 3 அடி அகலத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டுங்கள். இரண்டு பாத்திக்கு நடுவே உள்ள வாய்க்கால் தெருப்பக்கம் வடிய வேண்டும். பக்கத்து வீட்டுச் சுவரில் போய் முட்டினால் வேறு வழக்கு வரும்! ஒரு கூடை நன்கு மக்கிய எருவில் ஒரு கைப்பிடி டிரைக்கோடெர்மா விரிடி கலந்து, ஈரச் சாக்கு போட்டு ஒரு வாரம் நிழலில் வைத்திருந்து பாத்தியில் தூவுங்கள். பச்சைச் சாணம் கூடாது. விதை சென்ட்டுக்கு 10 கிராம் போதும். பலரும் முளைக்காதோ என்ற பயத்தில் இரண்டு மடங்கு போடுகிறார்கள். நெருக்கமாக முளைத்தால் காற்றோட்டம் இல்லாமல் அழுகல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவும். மணலோடு கலந்து தூவி, மழைத்துளி நேரே அடிக்காமல் தென்னங்கீற்றை நாலு குச்சி மேல் சாய்த்து வையுங்கள். தக்காளி, கத்தரி நாற்றங்காலில் காப்பர் ஆக்சிகுளோரைடு லிட்டருக்கு 2.5 கிராம் ஊற்றுவது உண்டு. உடனே பறிக்கிற கீரைக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

விதைப்பைக் கார்த்திகை கடைசிக்குத் தள்ளிப்போடலாம். அதுவரை கை காயுமே என்பீர்கள். ஒரு பாத்தியில் பொன்னாங்கண்ணி, வேலி ஓரம் கொடிப்பசலை வையுங்கள். இரண்டும் தண்டுக் குச்சி நட்டாலே வரும். நாற்றழுகல் தாக்கும் பிஞ்சுப் பருவமே அவற்றுக்கு இல்லை. அடைமழையில் சந்தைக்கு வரும் கீரை குறைந்து விலை ஏறும்போது கையில் கட்டு இருப்பவருக்குத்தான் காசு. மழை விட்டதும் மார்கழியில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, முள்ளங்கி போடலாம். கொத்தமல்லி விதையை இரண்டாகப் பிளந்து விதையுங்கள். பனி இருக்கும் நாட்களில் மாலையில் இலைமேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், காலையில் வேரோடு விடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மூன்று நாள் மழைத் தண்ணீர் நின்று வடிந்தது. சாக்கடையும் கலந்திருந்தது. கீரை பச்சைப்பசேலென்றுதான் இருக்கிறது. நன்றாகக் கழுவி விற்கலாமா?
- வாசகர், கொரட்டூர்

பதில்: விற்க வேண்டாம், வீட்டிலும் சமைக்க வேண்டாம். ஒட்டிய கிருமி முழுதும் கழுவினால் போய்விடாது. நட்டம் எனக்குப் புரிகிறது, ஆனாலும் பிடுங்கிப் போடுவதுதான் சரி. நிலத்தைக் கொத்திவிட்டு நாலைந்து வாரமாவது வெயிலில் காயவிடுங்கள்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு கவலையும் உண்டு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள்ளும் தண்ணீர் புகுந்தது. கொரட்டூர் ஏரியில் கழிவு கலப்பது பற்றிப் பசுமைத் தீர்ப்பாயம் வரை வழக்குப் போனது. வடிந்த தண்ணீரில் எண்ணெய்ப் படலமோ மருந்து வாடையோ இருந்ததா என்று யோசித்துப் பாருங்கள். இருந்திருந்தால் அந்த மண்ணில் கீரையும் கிழங்கும் இனி வேண்டாம். வழக்கமான மண் பரிசோதனையில் தழை, மணி, சாம்பல் சத்தும் உப்பும் கார அமில நிலையும் தெரியும். ஈயம், காட்மியம் போன்ற உலோகம் அதில் தெரியாது. அறிக்கை நன்றாக வந்துவிட்டதே என்று நம்பிவிடக் கூடாது. வெளியிலிருந்து நல்ல மண் கொண்டுவந்து பைகளில் நிரப்பி, மாடியில் கீரை போடுங்கள். கீழே செவ்வந்தி, கனகாம்பரம் வைத்தால் இடமும் சும்மா கிடக்காது.

கேள்வி: வீட்டுக்குள் வைத்த மணி பிளான்ட் மழைக்காலத்தில் மஞ்சளாகி உதிர்கிறது. உரம் போடலாமா?
- வாசகி, பூந்தமல்லி

பதில்: பசியால் வந்த மஞ்சள் இல்லை, தண்ணீர் கூடிப்போனதால் வந்தது. வெயில் காலத்துப் பழக்கத்தில் தினமும் ஊற்றுகிறீர்கள் என்று நினைக்கிறேன். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் ஊற்றாதீர்கள். இந்த மாதங்களில் வாரம் ஒருமுறையே போதும். அழுகிய வேரை வெட்டிவிட்டு மணல் கூடிய கலவையில் மாற்றி நடுங்கள், தளிர் வந்த பிறகு உரத்தைப் பற்றி யோசிக்கலாம். ஜன்னல் ஓரம் வெளிச்சம் இருந்தால் அதே இடத்தில் புதினாவும் வல்லாரையும் வரும், துவையலுக்கு ஆகும். தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டை மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை கவிழ்த்துத் தேய்த்துக் கழுவுங்கள். டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும்.