காயம்பட்ட காலுக்கு 42 மில்லியன்: சூதாட்டமா, கணக்கா?

ஒரு பருவம் முழுவதும் களமிறங்க மாட்டார் என்று தெரிந்தே 35 வயது ஆட்டக்காரருக்கு மூன்றாண்டு ஒப்பந்தம் கொடுக்கலாமா? அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக்கில் போர்ட்லண்ட் டிரெயில் பிளேசர்ஸ் அணி 2025 ஜூலையில் அதைத்தான் செய்தது. டேமியன் லில்லர்டை 42 மில்லியன் அமெரிக்க டாலருக்கு மீண்டும் சேர்த்துக்கொண்டது.

போர்ட்லண்டில் 11 பருவங்கள் ஆடிய லில்லர்ட், 2023இல் மில்வாக்கி பக்ஸ் அணிக்கு மாறினார். 2025 மார்ச்சில் அவரது வலது கெண்டைக்காலில் இரத்தக்கட்டி கண்டறியப்பட்டது. குணமாகித் திரும்பிய சில நாள்களில், ஏப்ரல் 27ஆம் தேதி, இடது காலின் அக்கிலீஸ் தசைநாண் அறுந்தது. கெண்டைக்காலைக் குதிகாலோடு இணைக்கும் இந்த நாணில்தான் ஓட்டமும் தாவலும் அடங்கியிருக்கின்றன. இது அறுந்தால் மீண்டுவர ஏறக்குறைய ஓராண்டு ஆகும்.

மில்வாக்கி காத்திருக்க விரும்பவில்லை. அவரை விடுவித்து, பாக்கியிருந்த ஏறத்தாழ 113 மில்லியன் டாலரை ஐந்தாண்டுகளுக்குப் பிரித்துக் கணக்கில் ஏற்றிக்கொண்டது.

கணக்கு எப்படி?

பலரும் போர்ட்லண்டின் முடிவைப் பாசத்தின் விளைவாகப் பார்த்தனர். நான் அப்படி நினைக்கவில்லை. 42 மில்லியனை மூன்றால் வகுத்தால் ஆண்டுக்கு 14 மில்லியன். 2025-26 பருவத்தில் ஓர் அணியின் சம்பள வரம்பு ஏறத்தாழ 155 மில்லியன். அதாவது, வரம்பில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பழைய ஒப்பந்தப்படி அதே பருவத்தில் அவருக்குக் கிடைக்கவிருந்த சம்பளமோ சுமார் 54 மில்லியன். மில்வாக்கியின் பணம் எப்படியும் வந்து சேரும் என்பதால், குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ள அவராலும் முடிந்தது. அவர் பழையபடி ஆடாவிட்டாலும் அணி மூழ்கிவிடாது. ஆடிவிட்டால் அடித்தது யோகம்.

இதற்கு நேரெதிரான உதாரணமும் உண்டு. 2013 ஏப்ரலில் கோபி பிரையன்டுக்கு இதே நாண் அறுந்தபோது அவருக்கு வயது 34. அவர் திரும்பி ஒரு போட்டிகூட ஆடாத நிலையில், லேக்கர்ஸ் அணி இரண்டாண்டுக்கு 48.5 மில்லியன் டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. திரும்பிவந்து ஆறே ஆட்டங்களில் முழங்கால் எலும்பு முறிந்தது. அதன்பின் அவர் ஓய்வுபெறும்வரை லேக்கர்ஸ் பிளேஆஃப் சுற்றை எட்டவில்லை. துணிவு இரண்டு அணிகளுக்கும் ஒன்றுதான். கொடுத்த விலைதான் வேறு.

அவசரமே எதிரி

விலையைவிட முக்கியமானது பொறுமை. 2019 இறுதிச்சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்சின் கெவின் டுரான்ட், கெண்டைக்கால் காயத்துக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மாதத்தில் களம் திரும்பினார். சுமார் 12 நிமிடம்தான் ஆடினார், அக்கிலீஸ் அறுந்தது. 2025 இறுதிச்சுற்றிலும், கெண்டைக்கால் காயத்தோடு ஆடிய இண்டியானா பேசர்சின் டைரிஸ் ஹாலிபர்ட்டன் ஏழாவது ஆட்டத்தில் அதே கதிக்கு ஆளானார்.

அடுத்து டுரான்டைச் சேர்த்துக்கொண்ட புரூக்லின் நெட்ஸ் அவசரப்படவில்லை. 2019-20 பருவம் முழுவதும் அவருக்கு ஓய்வு கொடுத்தது. திரும்பிய பருவத்தில் அவரது சராசரி, ஆட்டத்துக்கு 26.9 புள்ளிகள். அவருடைய பழைய அணித்தோழர் கிளே தாம்சன், முழங்கால், அக்கிலீஸ் என அடுத்தடுத்த காயங்களால் 941 நாள் ஆடாமலிருந்தார். வாரியர்ஸ் அவருக்காகக் காத்திருந்தது. 2022 ஜனவரியில் திரும்பினார்; அந்த ஜூனிலேயே அணி வெற்றியாளர் பட்டத்தை வென்றது. பதறாத காரியம் சிதறாது என்பது கூடைப்பந்துக்கும் பொருந்தும்.

இது நமக்கு எதற்கு என்று கேட்கலாம். நான் கல்லூரி அணியில் ஆடுகிறேன். எங்களைப் போன்ற அணிகளில் ஒப்பந்தமும் இல்லை, அணி மருத்துவரும் இல்லை. கணுக்கால் சுளுக்கினால் மருந்து அடித்து, கட்டுப்போட்டு, அடுத்த ஆட்டத்தில் இறங்குவதையே வீரம் என்கிறோம். உட்கார்ந்தால் இடம் பறிபோய்விடும் என்ற பயம்தான் பாதிப் பேரை வலியோடு ஓட வைக்கிறது. மில்லியன் கணக்கில் சம்பளம் வாங்குபவர்களே, எல்லா மருத்துவ வசதியும் இருந்தும், இறுதிச்சுற்று ஆசையில் இந்தப் பயத்துக்கு இணையான ஒன்றுக்குப் பணிந்துவிடுகிறார்கள். பதினாறு வயது மாணவர் மட்டும் எப்படித் தனியாக எதிர்த்து நிற்பார்?

ஆகவே, "எப்போது திரும்புவது?" என்ற முடிவை ஆட்டக்காரரின் தலையில் மட்டும் சுமத்தக்கூடாது. மருத்துவர் சொல்லும்வரை காத்திரு, உன் இடம் உனக்குத்தான் என்று பயிற்றுநர் முதல் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். போர்ட்லண்ட் லில்லர்டுக்குத் தந்ததில் பணத்தைவிடப் பெரியது அந்த உறுதிதான். அதைக் கொடுக்க எந்தப் பள்ளிக்கும் ஒரு காசும் செலவாகாது.