ரொறன்ரோ மறந்த பாடம்

2003 மார்ச்சில் ரொறன்ரோவின் ஸ்காபரோ கிரேஸ் மருத்துவமனையின் அவசரப் பிரிவில் ஒரு நோயாளி பல மணி நேரம் கிடத்தப்பட்டிருந்தார். அவருக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரைச்சீலை மட்டுமே. அங்கிருந்து பரவிய சார்ஸ் கனடாவில் 44 உயிர்களைப் பறித்தது. அதை விசாரித்த நீதிபதி ஆர்ச்சி கேம்பலின் ஆணைக்குழு, விஞ்ஞானம் முற்றாக உறுதிசெய்யும்வரை காத்திராமல் ஊழியர்களைப் பாதுகாக்க வேண்டும் என்றது. ஒன்ராறியோ அரசும் கோடிக்கணக்கான என்95 முகக்கவசங்களை வாங்கி அடுக்கியது. அவற்றில் பெரும்பாலானவை பெட்டிக்குள்ளேயே காலாவதியாகின. கோவிட் வந்தபோது தாதியர் முகக்கவசத்துக்குத் தவித்தார்கள். முதியோர் இல்லங்களுக்கு இராணுவத்தை அழைக்க நேர்ந்தது.

2020 கோடையில் நகரப் பொதுச் சுகாதாரத் துறை வெளியிட்ட கணக்கு இன்னும் கசப்பானது. நகர மக்களில் 52 சதவீதமான வெள்ளையரல்லாதோர், கோவிட் தொற்றியவர்களில் 83 சதவீதம். தொழிற்சாலை, களஞ்சியம், முதியோர் பராமரிப்பு எனத் தமிழர் பலரும் செய்யும் வேலைகளை வீட்டிலிருந்து செய்ய முடியாது. காய்ச்சலோடு வேலைக்குப் போவதா, வாடகைப் பணத்தை இழப்பதா என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. 2021 ஏப்ரலில் மாகாணம் தந்த மூன்று நாள் சம்பளத்துடனான விடுப்பும் 2023 மார்ச்சோடு நிறுத்தப்பட்டது. இது பெரும் தவறு.

அடுத்த ஆபத்து கிருமியாகவே வரவேண்டியதில்லை. 2024 ஜூலை 16 மழையில் டொன் வலி நெடுஞ்சாலையே மூழ்கியது. நிலவறைகளில் வாடகைக்கு இருப்போரின் வாசலுக்குத்தான் அந்த வெள்ளம் முதலில் வரும். சம்பள விடுப்பை நிரந்தரமாக்குவதும், முகக்கவச இருப்பை ஆண்டுதோறும் புதுப்பிப்பதும், நிலவறை வடிகால்களைச் சீர்செய்வதும் அடுத்த வரவுசெலவுத் திட்டங்களிலேயே இடம்பெற வேண்டும்.