போனில் வந்தால் பாட்டு, பாட்டி பாடினால் அபசகுனமா?

2021 மார்ச்சில் தீ, அறிவு பாடிய 'என்ஜாய் எஞ்சாமி' பாட்டு வந்த புதிதில், என் மகள் செல்போனில் காலை, மாலை அதையேதான் போடுவாள். ஒப்பாரியும் ராப்பும் கலந்து, சந்தோஷ் நாராயணன் இசையில் வந்த பாட்டு. தெருப் பிள்ளைகள் எல்லாம் ஆடினார்கள். என் மாமியாரோ, "வெள்ளிக்கிழமை அதுவுமா எழவு வீட்டு ராகத்தை ஏண்டி போடுறே?" என்று அதட்டினார். எனக்கும் அது சரியென்றே பட்டது.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்தவர், அவர் கதைதான் இந்தப் பாட்டுக்கே விதை என்று மகள் சொன்னதும், மாமியார் வாயடைத்துப் போனார். அவரும் முப்பது வருஷம் விடியும் முன்னே மரக்காணம் உப்பளத்தில் இறங்கி உப்பு சுமந்தவர்தானே! அன்று ராத்திரி, தன் அம்மா செத்தப்போ பாடியதை மெல்லப் பாடினார். கல்யாணமாகி பதினைந்து வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

'ஒப்பாரியோடு ராப்பா? கெடுத்துட்டாங்க' என்று சிலர் குறை சொல்கிறார்கள். அப்படிக் கலந்ததால்தானே ஒப்பாரி என் மகள் காதுக்கே வந்தது! ஆனால், போனில் கேட்டு ரசிக்கிற நாம், சாவுக்குப் பாடும் கிழவிகளை விசேஷ வீட்டு வாசலோடு நிறுத்துவது என்ன நியாயம்?

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெரியவங்களை ஒருநாள் பாடச் சொல்லிக் கேளுங்கள். அபசகுனம் ஒன்றும் வந்துவிடாது!

- ஓர் இல்லத்தரசி, மரக்காணம்.