புகலிடம் என்ன, சத்திரத்துச் சோறா?



2025 மே 19 அன்று தில்லி உச்ச வழக்குமன்றத்தில் ஈழத்தமிழர் ஒருவரின் முறையீடு தள்ளப்பட்டது. ஏழாண்டு ஒறுப்பை முடித்தவர் அவர். இலங்கைக்குத் திருப்பியனுப்பினால் தம் உயிருக்கு ஊறு நேரும் என்றார். வேறு நாட்டுக்குப் போகலாமே என்றும், உலகத்தாரையெல்லாம் ஏற்க இந்தியா ஒரு தருமசாலையா என்றும் நடுவர் இருக்கையிலிருந்து வாய்மொழியாகக் கேட்கப்பட்டது.

தருமசாலை வடக்கத்திச் சொல். நம் காவிரிக்கரை மக்களுக்குச் சத்திரம் என்றால் விளங்கும். இராமேசுவர வழிநடையாளர்க்குத் தஞ்சை மராட்டிய மன்னர் கட்டிய சத்திரங்களில் சோறும் திண்ணையும் ஈகையாகக் கிடைத்தன. ஈவோன் கதவடைத்தால் இரப்போன் எதிர்வழக்காட முடியாது. ஆனால் இந்த ஈழத்தமிழர் கேட்டது சோறா? அங்கே தம் உயிருக்கு ஊறு நேரும், அனுப்பாதீர்கள் என்றுதானே கேட்டார்!

அதே மே 19, 1982. சென்னைப் பாண்டி கடைத்தெருவில் பிரபாகரனும் உமாமகேசுவரனும் துமுக்கியால் சுட்டுக்கொண்டு பிடிபட்டனர். கொழும்பு அரசு அவர்களைத் தன்னிடம் ஒப்படைக்கக் கேட்டது. பழ. நெடுமாறன் கூட்டிய கூட்டத்தில் தமிழகக் கட்சிகள் பல, ஒப்படைக்கலாகாது என்று ஒரே குரலில் முழங்கின. (மயூரம் என்ற வடமொழிப் போர்வையைக் களைந்து நம் ஊர் மயிலாடுதுறை ஆனதும் அதே 1982-இல்தான்!) ஒப்படைப்பு நடக்கவில்லை, இருவரும் பிணையில் வந்தனர். மதுரையில் தங்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டை மீறிப் பிரபாகரன் 1983-இல் கடல்கடந்தார்.

'பார்த்தீர்களா, புகலிடம் கொடுத்தால் இதுதான் நடக்கும்' என்பாருக்கு நம் விடை இது. தெருவில் சுட்டதும் குற்றம். பிணையை மீறியதும் குற்றம். அதை மூடிமறைக்க நமக்கு வேண்டுவதில்லை. இரண்டையும் ஆய்ந்து ஒறுக்க வேண்டியது தமிழக வழக்குமன்றம். பிணை என்பது மன்றத்துக்கும் குற்றஞ்சாட்டப்பட்டோனுக்கும் இடைப்பட்டது. ஒருவனைப் பகையரசின் கையில் கொடுப்பது முற்றிலும் வேறு. 1908-இல் வெள்ளையர் பிடிக்குத் தப்பிப் பிரெஞ்சுப் புதுச்சேரி புகுந்த பாரதியும் ஆங்கிலேயர் கண்ணில் தப்பியோடியவரே! பத்தாண்டு அங்கே காப்புற்றவர், 1918-இல் எல்லை கடந்ததும் கடலூரில் தளைப்பட்டார். நமக்கு அண்டையிலுள்ள காரைக்காலும் அன்று அதே பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது.

இனிச் சட்டத்தின் கோணலைப் பாருங்கள். 1962-ஆம் ஆண்டின் ஒப்படைப்புச் சட்டப்படி, அயல்நாடு ஒருவனைக் கேட்டால் நடுவர் உசாவியாக வேண்டும். அரசியல் தன்மையுள்ள குற்றத்துக்காக ஒப்படைக்கலாகாது என்கிறது 31-ஆம் பிரிவு. 1993-இல் வந்த திருத்தம் கொலை முதலியவற்றுக்கு அந்தக் காப்பை எடுத்துவிட்டது, உசாவலை எடுக்கவில்லை. கொலைக்குற்றம் சாட்டப்பட்டவனுக்கு உள்ள அவ்வுசாவல், எக்குற்றமும் செய்யாத ஏதிலித் தாய்க்கு இல்லை! அவளை வெளியேற்ற 1946-ஆம் ஆண்டின் அயலார் சட்டத்தில் அரசின் ஆணையொன்றே போதுமாயிருந்தது. அதை நீக்கி 2025-இல் கொண்டுவந்த புதுச் சட்டமும் இக்குறையைத் தீர்க்கவில்லை. 1951-ஆம் ஆண்டின் ஏதிலியர் உடன்படிக்கையிலோ இந்தியா இன்றுவரை ஒப்பமிடவில்லை.

இதன் விலையைக் கொடுத்தவர் யார்? 1982-இல் கொழும்பு தில்லியிடம் கேட்ட அதே மனிதரை, 1991-இல் இராசீவ் காந்தி கொலையுண்ட பின்னர்த் தில்லி கொழும்பிடம் கேட்டது. அவர் கிட்டவில்லை, கிட்டியவர்கள் நம் ஊர்க் குடில்களில் ஒண்டிக்கிடந்த எளியோர். 1992 முதல் அவர்களைத் திருப்பியனுப்பத் தொடங்கினர்.

2015 சனவரி 9 வரை வந்து பதிவுசெய்த ஈழத்தமிழர்க்குப் புதுச் சட்டத்தின் ஒறுப்பிலிருந்து 2025 செப்டம்பரில் விலக்கு அளித்துள்ளனர். நன்று. ஆனால் அதுவும் ஓர் ஆணையே. எழுதிய கை அழிக்கவும் கூடும். வெளியேற்றுமுன் உசாவல், அதன்மேல் முறையிட வழி, முடிவு வரும்வரை தங்கும் உரிமை ஆகிய மூன்றையும் நாடாளுமன்றம் சட்டமாக்க வேண்டும். மயிலாடுதுறைத் தொகுதி அன்பர்கள் இதனை வலியுறுத்தித் தம் நாடாளுமன்ற உறுப்பினர்க்கு இத்திங்களே மடல் விடுக்க!