படபடப்பு நின்றால் மாத்திரையையும் நிறுத்தலாமா?

மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவிலோ தி.நகர் நடேசன் பூங்காவிலோ காலை நடை போகிறவர்களிடம் இதயத் துடிப்பைப் பற்றிப் பேச்சுக் கொடுத்தால், தீர்ப்பு தயாராக இருக்கும்: "படபடப்பு அடங்கிடுச்சுன்னா மாத்திரை எதுக்கு?" இதயத்தின் மேலறைகள் தாளம் தப்பித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் விஷயத்தில் இந்தத் தீர்ப்பு ஆபத்தானது. அதற்கு முட்டுக்கொடுக்கும் வாதங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

"துடிப்பு சீராகிவிட்டது, நோய் போய்விட்டது."

மேலறை சரியாகச் சுருங்காதபோது அங்கே ரத்தம் தேங்கி உறையும். அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். பலருக்குப் படபடப்பே தெரியாமல் இந்தக் கோளாறு வந்து வந்து போகும். 4,060 பேரைக் கொண்டு நடந்து 2002இல் வெளியான ‘அஃபர்ம்’ ஆய்வில், துடிப்பைச் சீராக்கும் மருந்து எடுத்தவர்களுக்கும் பக்கவாதம் வந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினை நிறுத்தியவர்கள், அல்லது ரத்தப் பரிசோதனையில், உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2க்குக் கீழே இருந்தவர்கள். துடிப்பைச் சீராக்கும் மாத்திரையோ அதன் வேகத்தைக் குறைக்கும் மாத்திரையோ ரத்தம் உறைவதைத் தடுக்காது.

"ஆஸ்பிரின் போதும்."

வார்ஃபரின் ஒத்துவராதவர்களிடம் நடந்த ‘அவெரோஸ்’ ஆய்வு 2011இல் வெளியானது. ஆஸ்பிரின் எடுத்தவர்களில் ஆண்டுக்கு 3.7 சதவீதம் பேருக்கும், புதிய வகை உறைவுத்தடுப்பு மருந்தான அபிக்சபான் எடுத்தவர்களில் 1.6 சதவீதம் பேருக்கும் பக்கவாதமோ வேறு உறுப்பில் ரத்தக்குழாய் அடைப்போ வந்தது. பெரிய ரத்தக்கசிவு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒரே அளவு.

"மூலிகை கெடுதல் செய்யாது."

துடிப்பின் வேகத்தைக் குறைக்கும் டிகாக்சினே ஃபாக்ஸ்குளோவ் இனச் செடியின் இலையிலிருந்து வந்ததுதான். அந்த இனத்தின் மருத்துவப் பயனை வில்லியம் விதரிங் 1785இல் நூலாக எழுதினார். நம்மூர் அரளியின் நஞ்சும் இதே வகை. சிறுநீரகம் தளர்ந்தாலோ பொட்டாசியம் குறைந்தாலோ டிகாக்சினும் நஞ்சாகும். பசியின்மை, குமட்டல், பார்வையில் மஞ்சள் தட்டுவது ஆகியவை அதன் அறிகுறிகள்.

"எப்போது, எப்படிப் போட்டால் என்ன?"

அபிக்சபான் போன்ற இன்னொரு புதிய வகை மருந்தான ரிவராக்சபான் 20 மி.கி. வெறும் வயிற்றில் போட்டால் மூன்றில் இரண்டு பங்குதான் உடலில் சேரும். அதனால் ஏகாதசி விரதம் இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்க வேண்டும். மற்றொரு புதிய வகை மருந்தான டபிகாட்ரான் ஈரத்தில் வீரியம் இழக்கும். கடற்காற்று வீசும் பெசன்ட் நகரில் அதைப் பிரித்து, கிழமை எழுதிய டப்பாவில் போட்டுவைக்கக் கூடாது. வார்ஃபரின் வகை மருந்தான அசிட்ரோம் எடுப்பவர் கீரையை அடியோடு விட வேண்டியதில்லை. வாரந்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட்டால் ஐஎன்ஆர் தடுமாறாது. எந்த மாத்திரையானாலும், ஒரு வேளை மறந்ததற்கு மறுவேளை இரண்டாக விழுங்கக் கூடாது.

"ரத்தம் கசியுமே?"

இந்தப் பயம் நியாயமானது. கறுத்த மலம், சிவந்த சிறுநீர், தலையில் அடி என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூட்டுவலிக்குத் தாமாக டைக்ளோஃபெனாக் வலிநிவாரணி வாங்கிப் போட்டால் கசிவு கூடும். புதிய வகை மருந்துகளின் அளவு சிறுநீரகத்தைப் பொறுத்தது. அதன் நிலையைக் காட்டும் கிரியாட்டினினை அவ்வப்போது பார்க்க வேண்டும். பல் பிடுங்கவோ அறுவை சிகிச்சைக்கோ மருந்தை நிறுத்த நேர்ந்தால், நிறுத்தும் தேதியோடு மறுபடி தொடங்கும் தேதியையும் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.