ஊருக்கு ஓர் ஏணி

மாரிமழைக்கு முன் ஓடு மாற்றவும் பீலி துப்புரவாக்கவும் தண்ணீர்த் தாங்கி கழுவவும் குருநகரில் இன்னும் பலர் மேசைமேல் கதிரை வைத்தே ஏறுகிறோம். விழுந்து இடுப்பு முறிந்தவர் மாதக்கணக்கில் கடலுக்குப் போகமுடியாது. அந்த வீட்டின் அடுப்பு என்னாவது?

பிணைச்சல் வைத்த மடக்கு அலுமினிய ஏணியே எமக்கு ஏற்றது. சுவரிற் சாய்க்கலாம், விரித்து நிறுத்தியும் ஏறலாம். பாரம் குறைவு, ஆதலால் ஆண்துணையின்றிக் குடும்பம் நடத்தும் பெண்களும் தூக்கலாம். மூங்கில் மலிவுதான், நனைந்து நனைந்து உக்கிவிடும். இரும்பைக் கடற்காற்று என்ன செய்யும் என்று வள்ளக்காரருக்குச் சொல்லவும் வேண்டுமா? அலுமினிய ஏணியிலும் இரும்பு ஆணி இருந்தால் அந்த இடந்தான் முதலில் அரிபடும். இ.என். 131 என்ற ஐரோப்பியத் தரம் 150 கிலோ பாரத்தை எல்லையாகக் கொண்டது; அந்தச் சிட்டை உள்ளதைப் பார்த்து வாங்கவேண்டும்.

அலுமினியம் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டுக்கு வரும் 230 வோல்ற் கம்பிப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. நாலடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் அடியைச் சுவரிலிருந்து தள்ளி வைக்கவேண்டும். பிணைச்சல்கள் பூட்டிக்கொண்டனவா என்று பாராமல் ஏறவேண்டாம்.

விலைதான் தடை. வருடத்தில் நாலு நாள் ஏறுவதற்கு வீட்டுக்கொரு ஏணி எதற்கு? பத்து வீடுகள் சேர்ந்து ஒன்று வாங்கலாம். பங்குச் சபையோ கடற்றொழிலாளர் சங்கமோ பொறுப்பெடுத்து, கொப்பியில் பதிந்து இரவல் கொடுக்கட்டும். கொண்டுபோனவர் திருப்பித் தருவாரா என்று கேட்போரும் உண்டு. செத்தவீட்டுக்குக் கொடுக்கும் கதிரைகள் திரும்பி வருகின்றனவே! ஐப்பசிக்கு முன் ஒரு வட்டாரமாவது இதைத் தொடங்கவேண்டும்.