தரகரின் கூலி யார் தலையில்?

லண்டனில் ஈஸ்ற்ஹாம், ஹரோ, ரூட்டிங் எங்கும் எம்மவரின் பலசரக்குக் கடைகளில் குளிர்சாதனப் பெட்டிகள் இரவும் பகலும் ஓய்வின்றி இயங்குகின்றன. அவற்றுக்கான மின்சாரத்தை என்ன விலைக்கு வாங்குகிறோம் என்பதைப் பெற்றோருள் எத்தனை பேர் அறிவர்?

வீட்டு மின்சாரத்திற்கு 2019 ஜனவரி முதல் கட்டண உச்சவரம்பு உண்டு, கடைக்கு இல்லை. வீட்டு ஒப்பந்தத்திலிருந்து பதினான்கு நாட்களுக்குள் விலகலாம். வணிகத்திற்குச் சட்டம் அந்த அவகாசத்தை அளிக்கவில்லை. வாடிக்கையாளர் நெரிசலுக்கிடையே தொலைபேசியில் ஒரு தரகருக்குச் சொல்லும் 'யெஸ்' பல ஆண்டுகளுக்கு எம்மைக் கட்டிவிடும். அத்தரகர் தமிழில் பேசினால் நம்பிக்கை இன்னும் கூடுகிறது!

தரகரின் கூலி பெரும்பாலும் ஒவ்வோர் அலகின் விலையிலும் கலந்தே அறவிடப்படுகிறது. 2024 ஒக்ரோபர் முதல் வணிக ஒப்பந்தங்கள் அனைத்திலும் அதனை வெளிப்படுத்த வேண்டும் என்பது ஒழுங்காற்று ஆணையமான ஒஃப்ஜெமின் விதி. காட்டப்பட்டாலும் வாசிப்பவர் வேண்டுமே.

நாளொன்றுக்கு 33 அலகுக்கு மேற்படாத மின்சாரத்திற்குப் பெறுமதிசேர் வரி 20 அல்ல, 5 வீதமே. குளிர்சாதனப் பெட்டிகள் நிறைந்த கடைக்கு இது எட்டாது. தையலகம், சிறு அலுவலகம் போன்றவற்றுக்கு எட்டக்கூடும்.

இளையோரே, பெற்றோரின் கடைப் பற்றுச்சீட்டை இம்மாதம் நீங்கள் வாசியுங்கள். ஒப்பந்தம் முடியும் திகதியைக் குறித்து வையுங்கள். அதன்பின் ஒப்பந்தமின்றி அறவிடப்படும் விலை வழக்கமாக மிக உயர்ந்தது. பிணக்கு தீராவிடின், 2024 டிசம்பர் முதல் ஐம்பதுக்குக் குறைவான ஊழியருள்ள சிறு வணிகங்களும் எரிசக்திக் குறைகேள் அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம்.